சோறு இருக்கட்டும், அளவைப் பார்ப்போம்: எடை குறைப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் எடையைப் பற்றியவை. நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு கேள்வி அவசரமானது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

"வயது 61. சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை போடுகிறேன். எடை குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இப்போது விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்குகிறது. பழகிவிடுமா அம்மா?" - வள்ளியூர் வாசகர்

பழகாது ஐயா, இந்த இரவுப் பட்டினியை இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறி. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மறுபடி நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். அப்புறம் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போய், சாப்பாட்டைக் குறைத்ததைச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும். இரவில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் காய்கறி சாம்பாரும் போதும். எடையும் மெல்ல இறங்கும். விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் இதே எச்சரிக்கைதான்.

"வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் ஆபீஸ் வேலை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இரண்டு மாதத்தில் 15 கிலோ குறைக்க வழி சொல்லுங்கள் மேடம்." - பாளையங்கோட்டை வாசகர்

15 கிலோவை மறந்துவிடுங்கள் அண்ணாச்சி. அவ்வளவு வேகத்தில் இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும், பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடும். கல்யாணம் முடிந்து பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் கொழுப்பு திரும்பி வந்துவிடும். போன தசை அவ்வளவு எளிதில் வராது.

வாரத்துக்கு அரைக் கிலோ என்று வையுங்கள், இரண்டு மாதத்தில் நான்கு கிலோ. உங்கள் எடையில் இது கிட்டத்தட்ட 5 சதவீதம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்க இதுவே போதும். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 30-ஐத் தாண்டிவிட்டது. நம் நாட்டவருக்கு 23-இல் இருந்தே கூடுதல் எடை, 25-இல் இருந்து உடல் பருமன் என்பது கணக்கு. எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தராசைவிட அளவு நாடாவை நம்புங்கள். தொப்புள் மட்டத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள்ளும் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ளும் இருப்பது நல்லது.

முதல் இரண்டு வாரம் வேறு எதையும் மாற்ற வேண்டாம். நாலு மணி டீயோடு வரும் வடை பஜ்ஜியை நிறுத்துங்கள், டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பத்திரிகை வைக்கப் போகும் வீடுகளில் அல்வாவும் மிக்சரும் தட்டில் வரும். ஒரு துண்டு எடுத்துக்கொண்டால் போதும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

"எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசிதான். சப்பாத்திக்கு மாறினால்தான் எடை குறையும் என்கிறார்கள். சொந்த வயலில் நெல் விளையும்போது கோதுமை வாங்க மனசு வரவில்லை." - அம்பாசமுத்திரம் வாசகி

வாங்கத் தேவையில்லை. 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் ஏறக்குறைய ஒரே கலோரிதான், 340-இலிருந்து 350. முழுக் கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், உண்மைதான். ஆனால் நாலு சப்பாத்தியை எண்ணெய் விட்டுச் சுட்டு உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால் அந்த லாபம் காணாமல் போய்விடும். உங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 அரிசியையே சாப்பிட்டு எடை குறைக்கலாம்.

மாற வேண்டியது தட்டின் பங்கீடு. பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு பருப்பு, பயறு, மீன் அல்லது முட்டை, மீதிக் கால் தட்டுதான் சோறு. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அவியல், கூட்டு, கீரைக் கடைசல் எல்லாம் நமக்குத் தெரிந்த சமையல்தானே, அவற்றை இரட்டிப்பாகச் செய்து முதலில் அவற்றைச் சாப்பிடுங்கள். சோற்றுக் கைக்கு வேலை தானாகக் குறையும்.

சொதி வைக்கும் நாளில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட்டைக் கூட்டி, கெட்டியான முதல் தேங்காய்ப் பாலைக் குறையுங்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் வேண்டாம், இஞ்சித் துவையல் போதும். உளுந்தஞ்சோறு எனக்கு மிகவும் பிடித்த சிபாரிசு. தோல் உளுந்தில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். எள்ளுத் துவையலை மட்டும் அளவாக வையுங்கள், எள்ளிலும் தேங்காயிலும் கொழுப்பு அதிகம். காலையில் பழைய சோறும் தயங்காமல் சாப்பிடலாம். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. ஒரு கை சோறு, நிறைய நீர்மோர், சின்ன வெங்காயம் போதும். பொரித்த மோர் மிளகாயைத் தள்ளி வையுங்கள்.

எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. நல்லெண்ணெய் ஆனாலும் கடலை எண்ணெய் ஆனாலும் கணக்கு அதேதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கருப்பட்டிக் காப்பி குடித்தால் எடை போடாதுதானே?" - திசையன்விளை வாசகி

போடும். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், கலோரியும் ஏறத்தாழ வெள்ளைச் சர்க்கரை அளவுதான். கொஞ்சம் தாது உப்புகள் இருக்கின்றன, மணமும் ருசியும் தனி. ஒரு நாளைக்கு ஒரு காப்பி என்றால் கருப்பட்டி போட்டே குடியுங்கள். நாலு காப்பி என்றால் மூன்றை இனிப்பில்லாமல் குடியுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது பாதுகாப்பானது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

"யக்கா, நான் பீடி சுத்துறேன். காலையில உக்காந்தா ராத்திரி வரைக்கும் மடியில தட்டுதான். ரெண்டு பிள்ளை பெத்தப்புறம் 74 கிலோ ஆயிட்டு. முட்டு வலிக்கு. நடக்க நேரமும் இல்ல, ரோட்டுல நடந்தா என்ன சொல்லுவாங்களோன்னு கூச்சமாவும் இருக்கு." - முக்கூடல் வாசகி

தங்கச்சி, உன்னைப் போலவே ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமிருந்து எத்தனையோ பெண்கள் இதையே கேட்கிறார்கள். வீட்டு வேலை, பிள்ளைகள், பீடிக் கணக்கு என்று நாள் முழுக்க உழைக்கும் ஒருவரிடம் "நீ உடம்பை அசைப்பதில்லை" என்று சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மணிக்கணக்காகக் குனிந்து உட்காரும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது, தொடையும் இடுப்பும் சும்மா இருக்கின்றன.

நேரத்தைத் துண்டு துண்டாக எடுப்போம். நாலைந்து கட்டு முடிந்ததும் எழுந்து மூன்று நிமிடம் வீட்டுக்குள்ளேயே நட. கொஞ்சம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திரு, பத்துத் தடவை. முட்டு வலித்தால் கையை ஊன்றிக்கொள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கு, காலுக்குப் பத்துத் தடவை. தொடைத் தசை பலமானால் முட்டுக்குப் பாரம் குறையும். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டில் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எனவே இரண்டு கிலோ இறங்கினாலே உனக்கு வித்தியாசம் தெரியும்.

பீடி கொடுக்கக் கடைக்குப் போகும்போது வேகமாக நட. பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் அரை மணி நேரக் கணக்குதான். பக்கத்து வீட்டு மதினியையோ சித்தியையோ கூட்டிக்கொண்டால் கூச்சம் போய்விடும்.

சாப்பாட்டில் இரண்டைக் கவனி. ஒன்று, வேலைக்கு நடுவே டீயும் பிஸ்கட்டும். பதிலாக அவித்த தட்டப்பயறு, கொய்யாப்பழம் வைத்துக்கொள். புகையிலைத் தூள் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. இன்னொன்று, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாகக் கூடாதென்று சாப்பிடுவது. அவர்களுக்கு முதலிலேயே குறைத்துப் போடு. கடைசி ஆளாகச் சாப்பிடாதே, எல்லாரோடும் சேர்ந்து உட்கார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல். தைராய்டுக்கும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு.

"கடையை அடைத்து வர ராத்திரி பத்தரை ஆகும். பசி தாங்காமல் நாலு பரோட்டா, சால்னா, ஒரு கூல்டிரிங்ஸ். வயது 29, தொப்பை விழுந்துவிட்டது. பரோட்டாவை அடியோடு விடணுமா?" - தென்காசி வாசகர்

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்குப் பத்தரைக்கு அப்படிப் பசிக்கத்தான் செய்யும் தம்பி. சிக்கல் ஏழு மணியில் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கடையிலேயே இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலோடு ஒரு பழம் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இட்லி போதும் என்று தோன்றும். கூல்டிரிங்ஸை இன்றோடு நிறுத்துங்கள், 300 மில்லி பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பரோட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். குற்றால சீசனில் செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா கடைக்குப் போனாலும் இரண்டோடு நிறுத்தி, சால்னாவில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு, கோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

"வ.உ.சி. மைதானத்தில் தினமும் நடக்கிறேன். முதலில் இறங்கிய எடை இப்போது நின்றுவிட்டது." - பாளை வாசகி

உடம்பு இளைத்ததும் அதன் தேவையும் குறையும், அதனால் எடை நிற்பது சகஜம். நடக்கும்போது இன்னொருவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது நடங்கள். அதோடு வாரம் இரண்டு நாள் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்ற தசைப் பயிற்சி அவசியம். ஒவ்வொரு வேளையும் பருப்பு, தயிர், முட்டை என ஏதாவது புரதம் இருக்கட்டும். நடந்து முடித்ததும் வாசலில் டீயும் வடையும் என்றால், அரை மணி நேர நடையில் செலவானது அங்கேயே திரும்பிவிடும்.

"எடை குறைக்கும் ஊசி போடலாமா?" - தென்காசி வாசகர்

2025-இல் நம் நாட்டுக்கு வந்த அந்த ஊசிகள் வேலை செய்பவைதான். ஆனால் டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தால் மட்டுமே போட வேண்டும். குமட்டல், வாந்தி வரலாம். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். மருந்துக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்காதீர்கள்.

"மகனுக்கு 11 வயது, 56 கிலோ. ஸ்கூலில் கேலி செய்கிறார்கள். டயட் சார்ட் தர முடியுமா மேடம்?" - நெல்லை டவுன் வாசகி

தர மாட்டேன் அம்மா. வளரும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, அவன் எதிரில் எடையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி உயரத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்குவதை எல்லாருக்குமாக நிறுத்துங்கள், அவனுக்கு மட்டும் தடை போட்டால் ஒளித்துச் சாப்பிடுவான். டிவி முன்னால் தட்டு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும். நீச்சல் பிடித்தால், ஆற்றில் தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில், அப்பாவோ தாய்மாமாவோ கூட இறங்கி குறுக்குத்துறையில் பழக்கட்டும். கேலி செய்வதைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.