எலி குறைந்தால் நோயும் குறையுமா?

கேள்வி: தீவு ஒன்றில் கப்பல் வழி வந்தேறிய எலிகளைக் கணக்கெடுக்கிறோம். மை அட்டை செருகிய தடக்குழாய்களை வைத்து மறுநாளே பார்த்தோம். பத்தில் ஒன்றில்தான் கால்தடம். எலி குறைவு என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பழுப்பு எலிக்குப் புதுப்பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். பல நாள் ஒதுங்கியே போகும். குழாய்களை இரை வைக்காமல் மூன்று வாரம் அங்கேயே கிடக்க விடுங்கள். எலிக்கான வழக்கமான அமைப்பு: ஒரு வரிசைக்கு 10 குழாய், குழாய்களுக்கு நடுவே 50 மீட்டர், வரிசைகளுக்கு நடுவே குறைந்தது 200 மீட்டர். மழையில்லாத ஓர் இரவு பார்த்து, இரண்டு முனையிலும் துளி பீனட் பட்டர் தடவி, மறுநாள் காலையில் அட்டையை எடுத்துவிட வேண்டும். கூடுதல் இரவுகள் விட்டால் ஒரே எலி நாலைந்து குழாய்க்குள் புகுந்து புறப்படும், கணக்கு வீங்கிவிடும்.

தடம் விழுந்த குழாய்களின் சதவீதத்தை வரிசைவாரியாகப் போட்டுச் சராசரி எடுங்கள். இது ஒரு குறியீடுதான், எலிகளின் எண்ணிக்கை அல்ல. 20 சதவீதம் 40 ஆனால் எலி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருளில்லை. பூஜ்யம் வந்தாலும் தீவு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

அட்டையைப் படிக்கும்போது விரல்களை எண்ணுங்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. நான்கு காலிலும் ஐந்தைந்து என்றால் அது மூஞ்சூறாக இருக்கலாம். மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. குவாம், மொரீஷியஸ் தீவுகளில் அதுவே ஒரு வந்தேறி. எலிக் கணக்கில் அதைச் சேர்த்தால் எலி ஒழிப்பு பலித்ததா இல்லையா என்பதே குழம்பிப்போகும்.

கேள்வி: 40 பொறிகளை மூன்று இரவு வைத்தோம். 12 எலி சிக்கின. எட்டுப் பொறி வெறுமனே மூடிக் கிடந்தன. எப்படிக் கணக்கிடுவது?

40 x 3 = 120 பொறி-இரவுகள். மூடிய பொறி, எலி சிக்கியிருந்தாலும் சிக்காவிட்டாலும், சராசரியாகப் பாதி இரவு வேலை செய்யவில்லை என்று கொள்வது வழக்கம். மூடியவை மொத்தம் 20, அதில் பாதி 10. மிச்சம் 110. ஆக 100 பொறி-இரவுக்கு 10.9 எலி. வெற்றாக மூடியவற்றைப் பலர் குறிப்பேட்டில் எழுதுவதே இல்லை; நண்டு புகுந்து பொறியை மூடிவிடும் கரையோரத்தில் இதனாலேயே எலி குறைவாகத் தெரியும்.

கேள்வி: எலியைப் பாதியாகக் குறைத்தால் எலிக்காய்ச்சல் அபாயமும் பாதியாகுமா?

அப்படி நேர்க்கணக்கு கிடையாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு நோவே தெரியாது, மாதக்கணக்கில் சிறுநீரில் விட்டுக்கொண்டிருக்கும். வெயிலில் உலர்ந்தால் கிருமி சீக்கிரம் சாகும், ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் தாங்கும். அரைகுறையாகப் பிடித்தால் மிஞ்சிய எலிகள் இடம் மாறி, புதியவற்றோடு சண்டையிட்டுக் கலக்கும். வான்கூவர் நகர ஆய்வு ஒன்றில், எலி பிடித்த தெருக்களில் மிஞ்சியவற்றிடம் இந்தக் கிருமி இருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அதனால் எண்ணிக்கையோடு தொற்று விகிதத்தையும் தனியாக அளக்க வேண்டும்.

சிறுநீரகத் துண்டைப் பனிக்கட்டியில் வைத்தோ, எத்தனாலில் போட்டோ பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும்.

பிளேக் கண்காணிப்பு என்றால் அதைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள்தான் முக்கியம். எலி செத்து உடல் ஆறத் தொடங்கியதும் தெள்ளு இறங்கி ஓடிவிடும். ஆகவே பொறியோடு வெள்ளைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, பிறகு வெள்ளைத் தட்டின் மேல் சீப்பால் வாரி எண்ண வேண்டும். பையின் மடிப்புகளையும் உதறிப் பாருங்கள், பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். மொத்தத் தெள்ளை எலிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தெள்ளுக் குறியீடு. எலித் தெள்ளு ஒரு எலிக்கு ஒன்றுக்கு மேல் போனால் எச்சரிக்கை. பிளேக் பகுதியில் முதலில் தெள்ளு மருந்து, அப்புறம்தான் எலி மருந்து. மாற்றிச் செய்தால் எலி சாகும், பசித்த தெள்ளு மனிதர்களைத் தேடி வரும்.

கேள்வி: எலிப்புழுக்கை நிறைந்த கொட்டகையை எப்படிச் சுத்தம் செய்வது?

துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். புழுக்கையில் இருக்கக்கூடிய ஹன்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறும். கதவு, சன்னல் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர், அன்றன்று கலந்தது. சொட்டச்சொட்ட நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையுடன் காகிதத்தால் வழித்தெடுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைக்கே வர வேண்டாம். சுண்டெலி பரப்பும் எல்சிஎம் வைரஸ் சிசுவைப் பாதிக்கக்கூடியது.

எலிக்காய்ச்சல் தொற்றிய 2 முதல் 30 நாளுக்குள் எப்போதும் தலைகாட்டலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.