கேள்வி-பதில்: நாலு மணியா, ஒரு மணியா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று, மாநில லைசென்ஸும் உண்டு. க்ளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்றை வலது இடுப்புக்குப் பின்னால், நாலு மணி என்பார்களே அந்த இடத்தில், பேன்ட்டுக்குள் செருகிச் சட்டையால் மறைத்துக்கொள்கிறேன். கார் ஓட்டும்போது குத்துகிறது, குனிந்தால் சட்டையில் புடைத்துத் தெரிகிறது. முன்பக்கம், அப்பெண்டிக்ஸ் பொசிஷனுக்கு மாறச் சொல்கிறார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியின் முனை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. லேசாகத் தொப்பையும் உண்டு. மாறலாமா?
- ஆர்.கே., டெக்சாஸ்

பதில்: வயிறு கலக்குவது நல்லதுதான், கலக்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். தாராளமாக மாறலாம், ஆனால் துப்பாக்கியைத் திரும்ப உறையில் செருகும் விதத்தை முதலில் மாற்றிக்கொள்வீர்கள் என்றால் மட்டும்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: தொப்புளை 12 மணி என்று வைத்துக்கொண்டால் வலது இடுப்பெலும்பு 3, முதுகுத்தண்டு 6. அப்பெண்டிக்ஸ் என்பது 12-க்கும் 2-க்கும் நடுவில்.

நாலு மணியில் உங்களைக் காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, அது பேன்ட்டுக்குள் இருக்கிறது. கைப்பிடிதான் வில்லன். நீங்கள் குனிந்ததும் அது முதுகுப்பக்கம் நீட்டிக்கொண்டு சட்டையைத் தூக்குகிறது. காரில் சீட்டின் சாய்மானத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது, சீட் பெல்ட்டைத் தாண்டிக் கை போவதும் சிரமம். முன்பக்கம் வைத்தால் இந்த இரண்டும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கென்று வரும் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் க்ளா என்று ஒரு சின்ன இறக்கை இருக்கும். பெல்ட் அதை அழுத்த, கைப்பிடி உடம்போடு திரும்பி ஒட்டிக்கொள்ளும். உறையின் அடிப்பக்கம் வெட்ஜ் என்று ஒரு நுரைத் துண்டை ஒட்டுவார்கள். அது முனையை உடம்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி, மேல்பக்கத்தை வயிற்றோடு சேர்க்கும். தொப்பைக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம், இல்லையென்றால் வயிறு கைப்பிடியை முன்னால் தள்ளிவிடும். சின்னத் துப்பாக்கிதான் வசதி என்றும் நினைக்க வேண்டாம். பெல்ட்டுக்குக் கீழே நீளம் கொஞ்சம் இருந்தால்தான் கவிழாமல் நிற்கும்.

உட்காரும்போது முனை தொடை மடிப்பில் குத்தினால் ஒரு மணியிலிருந்து அரை மணி இப்படி அப்படி நகர்த்திப் பாருங்கள், உறையின் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். சிலருக்கு என்ன செய்தாலும் சரிவராது. அவர்கள் மூன்று மணியில், கைப்பிடி 15 டிகிரி போல முன்னால் சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதுகுத்தண்டின் மேல் மட்டும் வேண்டாம். மல்லாக்க விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். தொடையும் வயிறும் சேரும் இடத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே குண்டு பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஆக பயம் நியாயமானது. விசையை முழுக்க மூடும் கெட்டியான உறைக்குள் அசையாமல் இருக்கும்வரை, விசையை எதுவும் தொட வழியில்லை. ஆபத்து திரும்பச் செருகும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான். க்ளாக்கில் கையால் போடும் சேஃப்டி கிடையாது, விசையிலேயே ஒரு சின்ன நெம்புகோல்தான். அதை அழுத்துவது விரலா, சட்டை நுனியா, ஜாக்கெட் கயிற்றின் முடிச்சா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

அதனால் இடது கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடியுங்கள். மேலுடம்பைப் பின்னால் சாய்த்து இடுப்பை முன்னால் தள்ளுங்கள், முனை உடம்பை விட்டு விலகும். விரல் விசையை விட்டுத் தள்ளி, ஸ்லைடோடு (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) நீட்டியபடி இருக்க வேண்டும். உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். எங்கேயாவது தட்டினால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து என்ன தட்டியது என்று பாருங்கள். இதைவிட நல்ல வழி, வீட்டில் உறையைத் தனியாகக் கழற்றி, முனையைப் பத்திரமான பக்கம் வைத்துத் துப்பாக்கியை அதற்குள் போட்டு, இரண்டையும் சேர்த்தே இடுப்பில் செருகுவது. இரவில் கழற்றும்போதும் சேர்த்தே. நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன், ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், ஸ்டைலாக டக்கென்று செருகுகிறவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. எடுப்பதில் அவசரம் இருக்கலாம், வைப்பதில் என்ன அவசரம்?

தளதளவென்ற நைலான் உறை, தொய்ந்துபோன பழைய தோல் உறை இரண்டும் முன்பக்கத்துக்கு ஆகாது. தோல் மடிந்து விசைக்குள் போகும்.

முதலில் சில நாள் காலித் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நடமாடுங்கள். குண்டுகள் வேறு அறையில், சேம்பர் (சுடுவதற்குக் குண்டு உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. உட்காருங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். அப்புறம் ரேஞ்சுக்குப் போங்கள்; உறையிலிருந்து உருவிச் சுடப் பல ரேஞ்சுகளில் விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போவது நல்லது. மாறினால் மாறியதுதான், இன்று முன்னால் நாளை பின்னால் என்று வைத்தால் பதற்றத்தில் கை பழைய இடத்தைத் தடவும்.

கேள்வி: பெண்களுக்கு இந்த பெல்ட் சமாச்சாரமெல்லாம் சரிவராது. கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?
- எஸ்., ஜார்ஜியா

பதில்: எனக்குப் பிடிக்காத இடம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், கடைக்கு வந்த தாயின் கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது, அவர் அங்கேயே இறந்துபோனார். அது இதற்கென்றே செய்த பைதான். வேறு வழியே இல்லை என்றால் துப்பாக்கிக்கு மட்டும் தனி அறை, அதற்குள்ளும் விசையை மூடும் உறை, சாவி, பேனா எதுவும் அங்கே கூடாது. பை தோளை விட்டு இறங்கவே கூடாது, ட்ராலியில் வைக்கவே கூடாது. பெல்ட் இல்லாத உடைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் வருகின்றன, விசைக்கு மேல் கெட்டி உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சாஸில் இப்போது லைசென்ஸே வேண்டாமாமே? நண்பர் தன் துப்பாக்கியை இடுப்பில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம்

பதில்: தொடாதீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற மாநிலச் சட்டம், ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள, 21 வயது முடிந்தவர்களுக்கு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள்தான் உண்டு. சொந்தமாக வாங்காவிட்டாலும் இடுப்பில் வைத்தால் வைத்திருந்ததாகத்தான் கணக்கு, தெரிந்தே கொடுத்த நண்பருக்கும் சிக்கல். வழக்கோடு போகாது, விசாவும் போகும். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. அதுவரை சந்தேகம் என்றால் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், நண்பரிடம் வேண்டாம்.