பழைய 18 காரட் தங்கக் கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன், நிறையக் கீறல்கள். பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா?

பணத்தைக் கொடுத்து வாங்கியாகிவிட்டது, பார்ப்பவரெல்லாம் "ஒரு பாலிஷ் போட்டால் ஜொலிக்குமே" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பாலிஷ் என்பது மேலே எதையும் பூசுவதல்ல, இருக்கிற தங்கத்தைத் தேய்த்து எடுப்பது. 18 காரட்டில் ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம், எஃகைவிட மிருதுவானது. பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு காதுகளின் விளிம்புதான் முதலில் மழுங்கும். அடுத்தடுத்துத் தேய்த்தால் காதே மெலிந்து, வெளிப்புறத்துத் தங்கத்தர முத்திரையும் மங்கிவிடும். கீறலை எப்போது வேண்டுமானாலும் போக்கலாம். போன விளிம்பு வராது. லேசர் வெல்டிங்கில் தங்கம் சேர்த்துக் காதைத் திரும்ப உருவாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது நல்ல கைக்கு மட்டுமே வரும் வேலை, செலவும் அதற்கேற்ப.

நான் வாங்கியது 1960களின் ஒமேகா கான்ஸ்டலேஷன். டயல் தட்டையாக இல்லாமல் ஓரத்தில் பன்னிரண்டு முகங்களாகச் சரிந்து இறங்கும் வகை. விற்றவர் முன்பக்கத்தைப் பல கோணங்களில் படமெடுத்து அனுப்பினார். பின்மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டுங்கள் என்றதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரட்டும். எஃகு உறைமீது தங்கத் தகடு போர்த்திய கான்ஸ்டலேஷன்களும் ஏராளம். விவரம் தெரியாதவருக்கு அவற்றை முழுத் தங்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் படம் வந்தது. மூடியின் உள்ளே 0,750 என்ற எண், அதன் பக்கத்தில் எள்ளளவு ஹெல்வெடியா, அதாவது சுவிஸ் நாட்டை உருவகிக்கும் பெண்ணின் தலை. சுவிட்சர்லாந்தில் 1995 வரை 18 காரட்டுக்கு அந்த முத்திரைதான். அதன் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. அறுபதுகளின் உறையில் நாய்த் தலை இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

வந்ததும் முதல் செலவு இயந்திரத்துக்குத்தான் செய்தேன். உள்ளே 561 காலிபர் (இயந்திரத்தின் மாடல் எண்), செம்பு நிறத்தில் பளபளத்தது. எண்ணெய் மட்டும் காய்ந்து பிசினாகியிருந்தது. முழுச் சாவி கொடுத்தும், இங்குமங்கும் ஆடி நேரத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 200 பாகையைத் தாண்டவில்லை. பிரித்துக் கழுவி, மெயின் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் மாற்றியபின் 270க்கு மேல் எழுந்தது. காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் அச்சுகளின் முனை தேயும், பழைய காலிபருக்குப் பாகம் தேடி அலைய வேண்டும். உறை மினுங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பழுதுபார்த்தவர் கைதேர்ந்தவர். ஆனால் டயலில் இருந்த சிறு புள்ளிகள் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன.

"டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்துவிடலாம் சார், இரண்டு வாரம்தான்."

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

"இவ்வளவு செலவு செய்துவிட்டு இதை விடுகிறீர்களே?"

விட்டேன். புது அச்சில் நிமிடக் கோடுகள் சரிவின் மடிப்போடு ஒட்டாமல் தள்ளி நிற்பதை எத்தனையோ கடிகாரங்களில் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் உருப்பெருக்கியில் தேடுவதும் அதைத்தான். கண்டால் விலையை இறக்கிவிடுவார்.

"பணக்காரர்களின் பொழுதுபோக்கு" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: கேட்டவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார், நான் பதில்தான் சொல்கிறேன். பாலிஷே பாவம் என்றும் சொல்லவில்லை. தினமும் கட்டுவதற்காக மட்டும் வாங்கியிருந்தால், விற்கும் எண்ணமே இல்லையென்றால், உங்கள் பொருள், உங்கள் இஷ்டம். துணியால் கையில் லேசாகத் துடைப்பதில் பெரிய சேதம் இல்லை. சுழலும் சக்கரத்தில் வைத்து அழுத்துவதுதான் வினை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது "அதெல்லாம் குப்பைக்குப் போய்விட்டதே" என்றார்கள். யாருடைய குப்பை? துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரை மாற்றியவரும் இதையே சொன்னார், காரின் பிரேக் கட்டையை மாற்றியவரும் இதையே சொன்னார். காசு நான் கொடுத்த பொருள், கழற்றிய நொடியில் எப்படி அவர்களுடையதாகிறது? கேட்டால் ஏதோ திருடன் என்று சொல்லிவிட்டதுபோல் முகம் சுளிக்கிறார்கள்.

ஆகையால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வாயால் சொல்வதோடு விடாதீர்கள். முழு சர்வீஸ் என்றால் பாலிஷையும் சேர்த்தே செய்துவிடும் இடங்கள் உண்டு. உறையைத் தேய்க்கக் கூடாது, டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.