காரை பெயர்ந்த கூரையைப் பூசி மூடினால் போதுமா?

கேள்வி: கீழக்கரையில் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. 2003-இல் என் கணவர் துபாயில் இருந்தபோது கட்டியது. மாடியில் நான்கு கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன வாரம் ராத்திரி அவர்கள் அறைக் கூரையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டில் ஓரமாக விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பிள்ளைகள் ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப்போடுவதுதான் காரணம் என்கிறார் கொத்தனார். இரண்டு நாளில் பூசி, பெயிண்ட் அடித்துத் தருகிறாராம். மழைக்காலத்தில் அந்தக் கூரையில் ஓதமும் இறங்குகிறது. பூசினால் போதுமா? செலவை அவர்கள் கொடுத்த அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, பூச்சைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த அறையில் இன்று ராத்திரி யாரும் படுக்கக் கூடாது. கட்டில்களை வேறு அறைக்கு மாற்றுங்கள். இடம் இல்லையென்றால் கீழே உங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு நாள் படுக்கட்டும். காரை ஓரிடத்தில் விழுந்தால் அதைச் சுற்றிலும் விழக் காத்திருக்கிற காரை இருக்கும். இதை நான் பார்த்த வீடுகள் அத்தனையிலும் கண்டிருக்கிறேன்.

அடுத்து அந்த அறையின் மின்விசிறி. கரண்டை அணைத்துவிட்டு, மேலே விசிறி தொங்குகிற கொக்கியை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கொக்கியும் கூரைக்குள் போகிற கம்பிதான். கம்பி துருப்பிடித்த வீட்டில் கொக்கி மட்டும் எப்படித் தப்பும்? போன வருஷம் மண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டில் கொக்கியை விரலால் சுரண்டினேன். அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. சுண்டுவிரல் கனத்தில் இருக்க வேண்டிய கம்பியில் பென்சில் முனை அளவுதான் மிச்சம். அதன் கீழேதான் ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தார்கள். உங்கள் வீட்டில் கொக்கி அப்படி இருந்தால் விசிறியை இறக்கி வைத்துவிட்டு, நின்று ஓடுகிற பெடஸ்டல் ஃபேன் வாங்கிக் கொடுங்கள்.

இனி, ஏன் விழுந்தது என்பதைப் பார்ப்போம். ஈரத் துணி காரணம் இல்லை. அறைக்குள் துணி காயப்போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், வாடை வரும். கூரைக் கம்பியைத் தின்கிற அளவுக்கு அதற்குப் பலம் கிடையாது. தின்றது உப்பு. கீழக்கரை தென்கடல் பக்கம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அலையிலிருந்து கிளம்புகிற நீர்த்துளி உப்போடு வந்து சுவரிலும் கூரையிலும் படிகிறது. கான்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரத்தோடு சேர்ந்து உப்பு வருஷக்கணக்கில் அவற்றின் வழியே உள்ளே இறங்கி ஒருநாள் கம்பியைத் தொட்டுவிடுகிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று இருக்கும். உப்பு அதை உடைத்ததும் துரு தொடங்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். இடம் இல்லாததால் அது உள்ளிருந்து நெம்புகிறது. கம்பிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதைக் கவர் என்பார்கள். நம் நாட்டுத் தரக்குறியீடு ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் திறந்து கிடக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவரும், குறைந்தது எம்-30 தரக் கலவையும் வேண்டும் என்கிறது. நம் ஊர் வீடுகளில் உடைத்துப் பார்த்தால் 15 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. கம்பியைத் தூக்கி நிறுத்துகிற சின்னச் சிமெண்ட் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியை அடியில் முட்டுக் கொடுத்துத் தளம் போட்ட வீடுகள்தான் அதிகம். அத்தோடு, கட்டும்போது கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதும் முக்கியம். உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் உப்பு கட்டும் நாளிலேயே உள்ளே போய்விட்டது. நீங்கள் கேட்டால் அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு ஞாபகம் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். தண்ணீர்த் தொட்டி அந்த அறைக்கு மேலேயா இருக்கிறது? மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி வழிவது வழக்கமா? போர் தண்ணீர் உப்பாக இருந்தால், வழிகிற ஒவ்வொரு தடவையும் மொட்டை மாடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும், அடுத்த மழை அதைக் கரைத்துக் கூரைக்குள் இறக்கும். கடற்காற்று பல வருஷம் எடுத்துச் செய்கிற வேலையை வழிகிற தொட்டி இன்னும் சீக்கிரமே செய்துவிடும். தொட்டி நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று பொருத்துங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற வேலைகளில் மிகவும் மலிவானது இதுதான். வழிகிற குழாயையும் கூரைக்கு வெளியே நீட்டி விட்டுவிடுங்கள்.

சரி, கொத்தனார் சொல்வதுபோல் பூசினால் என்ன ஆகும்? பார்க்க நன்றாக இருக்கும். துரு உள்ளே வேலையை நிறுத்தாது. ஒன்றிரண்டு மழைக்காலத்தில் புதுப் பூச்சையும் தள்ளிக்கொண்டு, இந்தத் தடவை இன்னும் பெரிய பாளமாக விழும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விழுந்த இடத்தை மட்டும் நன்றாகச் சரிசெய்துவிட்டு, சுற்றியுள்ள உப்பேறிய கான்கிரீட்டை அப்படியே விட்டால், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பில் துரு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் பாம்பனில் ஒரு வீட்டுக்கு நான் அப்படித்தான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் வருஷம் ஒட்டு அப்படியே இருந்தது, அதைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி காரை பொரிந்து நின்றது. அந்த வீட்டுக்காரர் இரண்டாம் தடவை செலவழித்தது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

அதனால் முதலில் எவ்வளவு தூரத்துக்குக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். சின்னச் சுத்தியலை எடுத்துக் கூரையை ஒரு அடிக்கு ஒரு தட்டு வீதம் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இருக்கட்டும், ஒதுங்கி நின்று தட்டட்டும். நல்ல இடம் ‘டங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். பிரிந்து நிற்கிற இடம் காலி டப்பாவைத் தட்டுவதுபோல ‘டொக்’ என்று பொள்ளலாகச் சொல்லும். பொள்ளலான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நேர்கோடாக விரிசல் ஓடினால் அதையும் குறியுங்கள். கம்பி போகிற வழியில்தான் அந்த விரிசல் போகும். பீம், சன்ஷேடு, பால்கனி எல்லாவற்றையும் இப்படித் தட்டிப் பார்க்க வேண்டும். பால்கனி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மற்ற தளங்களில் முக்கியமான கம்பி அடியில் இருக்கும். வெளியே நீட்டிய பால்கனிக்கு அது மேல்பக்கம். அது அரித்துப்போனால் அடியில் காரை பெயர்ந்து முன்னறிவிப்புத் தராது. பால்கனித் தரையில் சுவரை ஒட்டி நீளமாக விரிசல் தெரிந்தால் மாணவர்கள் அங்கே கூடி நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வட்டங்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் ரிப்பேர் போதும். பாதிக் கூரைக்கு மேல் வட்டமாக இருந்தாலோ, பீமில் விரிசல் இருந்தாலோ, கூரை நடுவில் தொய்ந்து தெரிந்தாலோ, ஒரு கட்டுமானப் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். கம்பியின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 6 ஆகத் தேய்ந்திருந்தால் ‘ரெண்டு மில்லிமீட்டர்தானே’ என்பார்கள். கணக்குப்படி அந்தக் கம்பியில் நூற்றுக்கு 44 பங்கு இரும்பு போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும்.

இனி ரிப்பேர் வேலை. தொடங்கும் முன் கூரைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும், சவுக்குக் கம்போ இரும்பு ஜாக்கியோ எதுவானாலும் சரி. மாடிக் கூரையின் பாரம் முட்டு வழியாக மாடித் தளத்தில் இறங்குவதால், அதே இடத்துக்கு நேர் கீழே உங்கள் வீட்டிலும் முட்டு வேண்டும். பிறகு பொள்ளலான கான்கிரீட் முழுவதையும், அதைத் தாண்டி நல்ல கம்பி கண்ணில் படும் வரைக்கும், கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. அதன் பின்னாலும் ஓர் அங்குலம் இடைவெளி விழ வேண்டும். துரு மிஞ்சுவது எப்போதும் அந்தப் பின்பக்கத்தில்தான். வயர் பிரஷ் போட்டுக் கம்பி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். மேலே வைக்கிற கலவை சாதா சிமெண்ட் பூச்சாக இருக்கக் கூடாது. பாலிமர் சேர்த்த ரிப்பேர் மார்ட்டர் மூட்டையாகவே கிடைக்கிறது. மூட்டையில் போட்டிருக்கிற கனத்துக்கு அடுக்கடுக்காக வைக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் தொய்ந்து விழும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் கடற்கரைப் போர் தண்ணீர் பலவற்றில் இந்த அளவு சர்வ சாதாரணமாகத் தாண்டும். காவிரிக் குடிநீரோ, லாரியில் வருகிற நல்ல தண்ணீரோதான் வேண்டும். கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, ‘நனைப்பதற்குத்தானே’ என்று போர் தண்ணீரை அடிக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அதுவும் கூடாது. குடிக்கத் தயங்குகிற தண்ணீரைக் கலவையிலும் ஊற்றாதீர்கள், பூச்சிலும் அடிக்காதீர்கள். இங்கே காற்று ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும் என்பதால் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூரை ஓதத்துக்கு, மேலே இன்னொரு கான்கிரீட் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் சதுர அடிக்கு 5 கிலோவுக்கு மேல். 800 சதுர அடிக்கு 4 டன்னுக்கு மேல். ஏற்கெனவே கம்பி தேய்ந்த கூரையின் தலையில் ஏற்றுகிற பாரம் அது. விரிசல்களை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்து, ரப்பர் மாதிரி படிகிற நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடித்தால் போதும்.

பணம் யார் கொடுப்பது? நீங்கள்தான். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எது யார் வேலை என்று பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் உடைத்திருந்தால்தான் கட்டமைப்புச் செலவு அவர் தலையில் வரும். உப்பு தின்ற கம்பிக்கு அந்தப் பிள்ளைகளிடம் அட்வான்ஸைப் பிடிப்பது சட்டப்படியும் சரியில்லை, நியாயமும் இல்லை. வேலை நடக்கிற நாட்களில் அந்த அறை அவர்களுக்கு இல்லை என்பதால் அதற்குத் தக்கபடி வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் வருவதை ஒருநாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் கூடவே போகட்டும். எழுதின ஒப்பந்தம் இதுவரை இல்லை என்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு பார்க்கப் போகும்போது சுவர் பெயிண்டைப் பார்க்காமல் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். செங்காவி நிறத்தில் கறை, நேர்கோட்டு விரிசல், அறையில் ஓரிடத்தில் மட்டும் புதுப்பூச்சு தெரிந்தால் உரிமையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். காரை விழுந்தால் அன்றைக்கே படம் எடுத்து எழுத்தில் தெரிவியுங்கள், தேதி பதிவாகிவிடும்.

மழை நெருங்குகிற நேரமாக இருந்தால் பெயர்ந்து தொங்குகிறதைத் தட்டி இறக்கிவிட்டு, முட்டுக் கொடுத்து, அறையைப் பூட்டி வையுங்கள். தை பிறந்து, கூரை நன்றாகக் காய்ந்ததும் வேலையைத் தொடங்கலாம். கச்சான் கிளம்புவதற்குள் முடிந்துவிடும்.

வேலையில் ஒரு நாள் மட்டும் நீங்கள் கட்டாயம் கூடவே இருக்க வேண்டும், கம்பிக்குப் பிரைமர் அடிக்கத் தொடங்குகிற காலை. கொத்தினதும் தேய்த்ததும் போதும் என்று கொத்தனார் சொன்னதும் ஏணியில் ஏறி, முடியாவிட்டால் மாணவர்களில் ஒருவரை ஏற்றி, கம்பியின் பின்பக்கமாக விரலை விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நுழைந்து, வெளியே எடுக்கும்போது சிவப்புப் பொடி ஒட்டாமல் வந்தால் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.