சிறுத்தை வராத காலை

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். போட்ஸ்வானாவில், கபரோனேயில் கணக்குத் தணிக்கை வேலை. ஆகஸ்டில் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு மவுனிலிருந்து மொரெமி, க்வாய், சவூட்டி வழியாகக் கசானே வரை ஒரு கூடார சஃபாரி போய்வந்தேன். வழிகாட்டி, சமையல்காரர், உதவியாள் எல்லாம் அவர்கள் ஏற்பாடு. வேலியே இல்லாத இடத்தில் கூடாரம். மனிதன் கால் படாத கன்னி நிலம்.

ஆனால் உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். சிறுத்தைக்காகவே 150-600 லென்ஸ் வாங்கிப் போயிருந்தேன். மொரெமியில் ஒருநாள் காலை வழிகாட்டி இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். புதருக்குள் சிறுத்தை இருக்கிறது என்கிறார். சரி, வண்டியைப் பாதையை விட்டு இறக்குங்கள் என்றால் முடியாது என்கிறார். கடைசிவரை சிறுத்தை வரவில்லை. மகள் மட்டும் தினமும் காலையில் அவரோடு கூடாரத்தைச் சுற்றி மண்ணில் இருந்த தடங்களைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஓர் இரவு சிங்கம் கர்ஜித்தது, மனைவி தூங்கவே இல்லை.

இதைப் பயணக் கட்டுரையாக எழுத ஆசை. முக்கியமான விலங்கே இல்லாமல் எப்படி எழுதுவது? இன்னொன்று, டிசம்பரில் என் தம்பி குடும்பத்தோடு வருகிறான். வழிகாட்டி எதற்கு, வாடகை ஜீப் எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போனால் செலவு பாதியாகிவிடும் என்கிறான். போகலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

பயணக் கட்டுரை எழுதுவது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் அந்த முக்கால் மணி நேரம். க்வாயில் எனக்கு வழிகாட்டியாக வந்த ஒருவரைப் பற்றிச் சில வாரங்களாகவே ஏதேதோ நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்துக்குள் அவரே வந்து இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பாதையை விட்டு வண்டியை இறக்காதது அங்கே சட்டம். மொரெமியிலும் சோபே தேசியப் பூங்காவிலும் அதற்கு அனுமதி கிடையாது, இரவில் வண்டி ஓட்டவும் கூடாது. வெளியே க்வாய் கிராமத்தாரின் நிலப்பகுதியில் இரண்டும் உண்டு. அவர் உங்கள் பேச்சைக் கேட்டு இறக்கியிருந்தால் நீங்கள் வீடு திரும்பிப் படத்தை ஏற்றியிருப்பீர்கள், அவருடைய உரிமத்துக்கு ஆபத்து வந்திருக்கும். சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். அது கூடாரத்துக்கு அருகில்தான் இருந்தது என்று நினைக்க அவசியமில்லை. ஜிப்பை முழுக்க இழுத்து மூடிவிட்டு உள்ளேயே இருந்தால் பயமில்லை, ராத்திரி எதற்காகவும் வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான் விதி. உங்கள் மனைவி தூங்காமல் கேட்டாரே, அந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்தவர் அவர்தான் என்று சொல்லுங்கள். லென்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அந்தக் காலை. அவர் சும்மா இருந்தார் என்கிறீர்கள். நான் அங்கே இல்லை, ஆனால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்று மூக்கால் சீறியிருக்கும். ஏதாவதொரு மரத்தில் அணில் விடாமல் கத்தியிருக்கும். இன்ஜின் ஓடினால் இவற்றில் பாதி காதில் விழாது. மான்களின் பார்வை எங்கே போய்க் கூடுகிறதோ அங்கே சிறுத்தை. அவை சீறிக்கொண்டிருக்கும்வரை அது அங்கேயே கிடக்கிறது. தலை குனிந்து மேயத் தொடங்கினால் அது போய்விட்டது. இரை தன்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தபின் பெரும்பாலும் சிறுத்தை மெனக்கெடாது, எழுந்து நடந்துவிடும். உங்கள் சிறுத்தை மறுபக்கமாக எழுந்து போயிருக்கும். அதையும் அவர் அப்போதே தெரிந்துகொண்டிருப்பார்.

வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று வைத்திருக்கின்றன. ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் கென்யாவின் அம்போசெலியில் அந்தக் குரல்களைப் பதிவுசெய்து, விலங்கே இல்லாதபோது ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். சிறுத்தைக் குரலைக் கேட்டதும் குரங்குகள் மரம் ஏறின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று தரையைத் தேடின. 1980இல் வெளியான ஆய்வு, பெரும் பரபரப்பு. பிறகு செனியும் சேஃபார்த்தும் பல ஆண்டுகள் பபூன்களை ஆராய்ந்தது நீங்கள் போன அதே மொரெமியில்தான். ஆய்வாளர்கள் ஒலிபெருக்கி வைத்து நிரூபித்ததை உங்கள் முன்சீட்டில் இருந்தவர் தினமும் வேலையாகச் செய்கிறார். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு வந்தவர் ஒருநாள் விடிகாலையில் காப்பி போடுவதற்குமுன் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கூடாரங்களுக்கு நடுவே யானை போயிருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் சற்று நீள்வட்டம், அது முன்னங்கால் பதிந்த இடத்தையே பாதி மூடியிருந்தது. நடந்த திசையில் கால்நுனி தேய்த்த மணல் லேசாகச் சிதறிக் கிடந்தது. கூடாரத்துக் கயிறு ஒன்றை எடுத்து முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து, அதை இரட்டித்து, தன் தலைக்குமேல் பிடித்து நிறுத்தி, தோள் இவ்வளவு உயரம் என்றார். உள்ளங்காலின் வெடிப்புகள் மணலில் வலைபோல் பதிந்திருக்க, குதிப்பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. தேய்ந்திருக்கிறது, வயதானது என்றார். கடைசியாக ஒரு விரலால், தொடாமல், தடத்தின் குறுக்கே போன மெல்லிய கோட்டைக் காட்டினார். ஒரு வண்டு ஊர்ந்த கோடு. அந்த வண்டு இரவில்தான் நடமாடும், கோடு தடத்துக்கு மேலே போகிறது, ஆகவே யானை விடியலில் வரவில்லை, நாம் நன்றாகத் தூங்கிய நேரத்தில் வந்திருக்கிறது. அந்த மணலை நான்தான் செருப்புக்காலோடு மிதித்துக் கடந்து கழிப்பறைக்குப் போய்வந்திருந்தேன்.

உங்கள் மகள் நோட்டில் வரைந்தது இதைத்தான், சரவணன். கேட்டு வாங்கிப் பாருங்கள். கழுதைப்புலித் தடத்தில் நகம் இருக்கும், சிறுத்தைத் தடத்தில் இருக்காது. அவள் சரியாகப் போட்டிருப்பாள். முக்கியமான விலங்கே இல்லை என்று புலம்புகிறீர்கள், அது உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். கடிதத்தில் லென்ஸின் எண் இருக்கிறது, ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மூன்று பேர் உங்களுக்குக் கூடாரம் கட்டி, விறகில் வெந்நீர் காய்ச்சி வாளியில் ஊற்றி மரக்கிளையில் தொங்கவிட்டு, இரும்புச் சட்டியில் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் பெயரும் இல்லை. சரி, மறந்திருக்கலாம். ஆனால் அதே கடிதத்தில் ‘மனிதன் கால் படாத கன்னி நிலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் என்னால் விடமுடியாது.

மொரெமி காப்பகத்தை 1963இல் உண்டாக்கியது பாதவானா மக்கள், தங்கள் சொந்த இனக்குழு நிலத்தில். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்களின் மறைந்த தலைவர் மூன்றாம் மொரெமியின் மனைவி, புலானே மொரெமி என்ற பெண்மணி. வேட்டை மிஞ்சிப்போகிறது என்று கண்டு தங்கள் நிலத்தையே காப்பகமாக ஒதுக்கினார்கள். ஆப்பிரிக்காவில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள், பெருமைப்பட வேண்டியதுதான். அதற்கும் முன்னால் நெடுங்காலம் அந்த நிலத்துக்குள் மாடுகளை வரவிடாமல் காத்தது, மாடுகளுக்கு நோய் பரப்பும் ட்ஸெட்ஸே ஈ. ஈயை மருந்தடித்து ஒழித்தபின் அந்த வேலையைச் செய்வது கால்நடைத்துறையின் நீண்ட வேலி. கன்னி நிலத்துக்கு இவ்வளவு கணக்கு வழக்கா?

அதோடு முடியவில்லை. காப்பகத்துக்குள் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். புகக்வே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், ஆற்றோரம் வாழ்ந்த சான் பழங்குடி மக்கள். எல்லை போட்டதும் அவர்கள் வெளியே போகவேண்டி வந்தது. அப்படி வந்து தங்கிய ஊர்தான் க்வாய். வடக்கு வாசலில் மரக்கட்டைகளை அடுக்கிய பாலம் ஒன்று இருக்கிறதே, வண்டி ஏறினால் தடதடவென்று உருளும், நீங்களும் கடந்திருப்பீர்கள். எனக்கு வந்தவர் க்வாய்க்காரர். பாலத்தைக் கடந்து, வாசலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆற்றின் ஒரு திருப்பத்தில் கரைமேலிருந்த மரங்களைக் காட்டி, ‘என் பாட்டி பிறந்தது அங்கே’ என்றார். அவ்வளவுதான். ஆறுதலாக ஏதோ சொல்ல நான் வாயெடுப்பதற்குள், இடது பக்கம் மீன்கொத்தி என்றார்.

மத்திய கலகாரி காப்பகத்தின் கதை இன்னும் மோசம். 1961இல் அதை அமைத்தபோது அங்கே வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களுக்கும் இடம் இருக்கவேண்டும் என்பதும் ஒரு நோக்கம். 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியேற்றியது, ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. அவர்களில் ஒருவரான ராய் செசானாவும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது தவறு என்றது. ஆனால் தண்ணீருக்குத் தனியாக வழக்காடி, 2011இல் மேல்முறையீட்டில்தான் கிணற்று உரிமை கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அதே காப்பகத்துக்குள் நீச்சல் குளத்தோடு ஒரு சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. நீங்கள் கணக்குத் தணிக்கை செய்கிறவர், இந்த வரவு செலவை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இதைச் சொன்னால், சஃபாரிக்கே போகக்கூடாதா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. போங்கள். க்வாய் மக்கள் தங்கள் அறக்கட்டளை மூலம் அந்தப் பகுதியை நிர்வகித்து வருமானம் பார்க்கிறார்கள், அங்கே நீங்கள் தங்கும் இரவுக்கு அர்த்தம் உண்டு. எனக்குப் பொறுக்காதது வேறு. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்து கற்றதை ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை அரசு உரிமம் வாங்கி, காக்கிச் சட்டை போட்டு, தன் பாட்டியின் ஊருக்குள் உங்களைக் கூட்டிப்போகிறான். நீங்கள் திரும்பி வந்து இங்கே மனிதனே வந்ததில்லை என்று எழுதுகிறீர்கள். அவன் சொன்ன சிறுத்தை புதருக்குள் இருந்ததையும் நம்பவில்லை.

கட்டுரை எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள். மொரெமி இருக்கும் ஒகவாங்கோ கழிமுகம் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் 1000ஆவது, 2014இல் அறிவிக்கப்பட்டது, அங்கோலாவில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வறண்ட பருவத்தில் இங்கே வெள்ளமாக வருகிறது, இதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு உங்களைவிட நிறைய ஞாபகம் இருக்கும்.

டிசம்பரில் தம்பி வழிகாட்டி இல்லாமல் போவது. க்வாயிலிருந்து சவூட்டி போகும் வழியில் உள்ள மபாபே பள்ளத்தில் கரிசல் மண். மழை விழுந்துவிட்டால் நாலு சக்கர ஓட்டமெல்லாம் அங்கே செல்லாது, அச்சுவரை இறங்கும். கையில் போன் இருக்கும், சிக்னல் இருக்காது. இறங்கித் தள்ளலாம் என்றால் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார். செலவு பாதி என்று அவர் போட்ட கணக்கில் இழுவை வண்டியின் வாடகை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் போகட்டும், மகளை மட்டும் அவரோடு அனுப்பாதீர்கள். அல்லது அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, அவள் நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.