களைக்கொல்லியும் சுண்டெலி முதுகும்

கேள்வி: களைக்கொல்லியை எலித் தோலில் தடவினார்கள், புற்றுநோய்க் கட்டி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உரக்கடைக்காரரோ, "எலிக்கு வந்தால் நமக்கென்ன?" என்கிறார். வரப்புக்கு மருந்து அடிக்கிற நாங்கள் யாரை நம்புவது?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இருவரையும் வேண்டாம். வாட்ஸ்அப் பாதிக் கதையைச் சொல்கிறது. கடைக்காரர் அந்தப் பாதியையும் கேட்கத் தயாரில்லை.

சோதனை உண்மைதான். லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனத்தில் நடந்து, 2010-இல் வெளியானது. கிளைபோசேட் களைக்கொல்லியை மட்டும் தடவிய சுண்டெலிகளுக்குக் கட்டி வரவில்லை. முதலில் செல்லின் மரபணுவைக் கெடுக்கும் டிஎம்பிஏ என்ற ரசாயனத்தை ஒரே ஒரு முறை தடவி, அதன்பின் களைக்கொல்லியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பத் தடவியவற்றில்தான் வந்தது. அதிலும் எல்லாவற்றுக்கும் இல்லை.

இந்த இரண்டு கட்ட முறை பழையது. 1915-இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் நிலக்கரித் தாரைத் தடவிக்கொண்டே இருந்து புற்றை வரவழைத்தார்கள். 1940-களில் பெரன்பிளம் முதலான ஆய்வாளர்கள் அந்த வேலையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். தாரில் உள்ளது போன்ற ஒரு ரசாயனம் செல்லின் மரபணுவில் கீறல் போடுகிறது. அது போதாது. அடுத்து வேறொன்று அந்தச் செல்லைப் பெருகு பெருகு என்று தூண்ட வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்தது எது தெரியுமா? நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடவே மாட்டார்களே, பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளத்தின் எண்ணெய்! அதிலுள்ள ஃபோர்பால் எஸ்டர் என்ற ரசாயனம், செல்லுக்குள் பெருக்கத்தை முடுக்கும் ஒரு நொதியை விடாமல் இயக்குகிறது. தோல் வீங்கி அழன்று தடிக்கிறது. நேர்வாள எண்ணெயை முதலில் தடவி, கீறல் போடுவதைப் பின்னால் தடவினால் கட்டி வருவதில்லை. விதைக்காத நாற்றங்காலுக்கு மேட்டூர்த் தண்ணீர் முழுவதையும் திருப்பினாலும் நாற்று வராதல்லவா?

இன்னொரு விஷயத்தை வாட்ஸ்அப் சொல்லவே சொல்லாது. முதல் கட்டக் கீறல் அழிவதில்லை. மாதங்கள் கழித்துத் தூண்டினாலும் கட்டி எழும். இரண்டாம் கட்டம் அப்படியல்ல. தடவலுக்கும் தடவலுக்கும் நடுவே போதிய இடைவெளி விட்டால், அல்லது ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டால், பெரும்பாலும் கட்டி எழுவதில்லை. உங்களுக்கு வேண்டிய செய்தி இதுதான்.

சரி, எலியும் மனிதனும் ஒன்றா? இல்லை. சோதனைச் சுண்டெலியின் தோல் மெல்லியது, மயிர் மழித்தது, இத்தகைய கட்டி எளிதில் வரக்கூடியது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 'மனிதருக்கு அநேகமாகப் புற்று உண்டாக்கும்' என்ற பட்டியலில் வைத்தபோதும், மனிதர்களிடம் அது சந்தேகப்பட்டது ஒருவகை நிணநீர்ப் புற்றைத்தான், தோல் புற்றை அல்ல. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த முடிவை ஏற்கவில்லை. சண்டை தீரவில்லை.

அதற்காகக் கடைக்காரர் கட்சிக்கு ஓடிவிடாதீர்கள். எலிக்கு டிஎம்பிஏ தடவினார்கள். நமக்கு யாரும் தடவவில்லை என்றாலும் வெயிலும் பீடிப் புகையும் அந்தக் கீறல் போடும் வேலையைச் செய்யக்கூடியவை. டப்பாவில் நீல முக்கோணம்தானே, பச்சைதானே என்ற ஆறுதலும் வேண்டாம். அந்த நிறம், உள்ளே போனால் எவ்வளவு அளவு உடனே ஆளைக் கொல்லும் என்பதற்கு மட்டும். வருஷக்கணக்கில் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை.

ஒழுகும் டேங்கை முதுகில் சுமந்து, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே வேட்டியோடு டீக்கடையில் உட்காருகிறோமே, அதுதான் 'திரும்பத் திரும்ப'. குறுவைக்கும் சம்பாவுக்கும் கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு இடைவெளியே கிடையாது. ஒழுகும் டேங்குக்கு வாஷர் மாற்ற ஆகிற செலவு அற்பம். கையுறை, முழுக்கால் சட்டை போடுங்கள், அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். ஆறாத புண்ணோ, திடீரென்று வளரும் மருவோ இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திராமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.