கேம், ரத்தம், வயது எண்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பெற்றோரின் கேள்விகளும் என் பதில்களும்

பெங்களூரில் பல வருடம் கேம் டெஸ்டராக வேலை பார்த்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வெளியாகப் போகும் கேமை முன்கூட்டியே ஆடிப் பார்த்து, பிழைகளையும், வயது ரேட்டிங் கேட்கும்போது சொல்லியே ஆக வேண்டிய காட்சிகளையும் குறித்துக் கொடுப்பது என் வேலை. நம் இரண்டு மாவட்டப் பெற்றோர் குழுவில் வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை, அந்தக் கேள்விகளுக்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம், ஒரு அம்மா: பையனுக்கு 12 வயது. எந்நேரமும் துப்பாக்கிச் சண்டை கேம்தான். நாளைக்கு நிஜமாகவே யாரையாவது அடித்துக் கொன்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இதைப் பல வருடம் ஆராய்ந்து 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டது. வன்முறைக் கேம்களுக்கும் கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் நிஜமான வன்முறைக் குற்றத்துக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2019இல் ஆக்ஸ்போர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள். பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1000 பேர். கேம் எவ்வளவு வன்முறையானது என்று பிள்ளைகளைக் கேட்காமல் அதிகாரப்பூர்வ ரேட்டிங்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், பிள்ளையின் முரட்டுத்தனத்தைப் பெற்றோரிடம் கேட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்த முறை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஆடுகிறவனிடமே எல்லாவற்றையும் கேட்டால் பதில் ஒரு பக்கமாகச் சாயும்.

அதற்காக 12 வயதுப் பையன் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று நான் சொல்லவில்லை. கழுத்தை அறுப்பதை அருகில் காட்டும் காட்சி அந்த வயதுக்குத் தேவையில்லாதது. கெட்ட கனவு வரும், தூக்கம் போகும். அவன் ஆடுவது எந்த வயதுக்கானது என்று இன்றைக்கே பாருங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், ஹெட்போனில் யாரோடு பேசுகிறான் என்றும் பாருங்கள். அப்புறம் யுபிஐ பின் எண்ணை அவனுக்குத் தெரிய விடாதீர்கள்.

பாலக்கோடு: இந்த வயது எண்ணை யார் போடுகிறார்கள்? சென்சார் போர்டா?

இல்லை. சென்சார் போர்டு சினிமாவுக்கு மட்டும். 2024 கடைசியில் இருந்து படங்களுக்கு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துப் போடுகிறார்களே, அதுபோல கேமுக்கு வயது எண் போட நம் நாட்டில் அரசு வாரியம் கிடையாது. பிளே ஸ்டோரில் நாம் பார்க்கும் 3+, 7+, 12+, 16+, 18+ எல்லாம் ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச அமைப்பின் முறை. 2015இல் இருந்து கூகுள் அதைப் பயன்படுத்துகிறது. கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். ரத்தம் உண்டா, மனிதர்களைத் தாக்குவது உண்டா, சூதாட்டம் உண்டா, ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியுமா. பதில்களை வைத்து எண் தானாக வந்துவிடும். அதாவது செய்தவரின் நேர்மையை நம்பித்தான் அந்த எண் நிற்கிறது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்றால் அமெரிக்காவில். மார்ட்டல் காம்பாட் கேமில் எதிரியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கும் காட்சி வந்தது. 1993 டிசம்பரில் செனட்டில் விசாரணை வைத்தார்கள். நீங்களே ஒழுங்குபடுத்தாவிட்டால் அரசு செய்யும் என்று மிரட்டினார்கள். 1994இல் கேம் நிறுவனங்கள் சேர்ந்து இ.எஸ்.ஆர்.பி. என்ற வாரியத்தை அமைத்தன. ஐரோப்பாவில் 2003இல் பெகி என்ற வயது ரேட்டிங் முறை வந்தது. பெட்டியில் விற்கும் கேமுக்கு இ.எஸ்.ஆர்.பி. ஆட்கள் முழுக் கேமையும் ஆடிப் பார்ப்பதில்லை. நிறுவனம் எழுதித் தரும் விவரத்தையும், கடுமையான காட்சிகளைத் தொகுத்து அனுப்பும் வீடியோவையும் பார்த்து முடிவெடுப்பார்கள். 2005இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமின் கோட் உள்ளே மறைந்திருந்த ஒரு பாலியல் காட்சி வெளியே வந்தபோது, 17+ என்றிருந்த ரேட்டிங்கை 18+ ஆக மாற்றினார்கள். டெஸ்டர்கள் எல்லோருக்கும் அது ஒரு பாடம்.

நான் சொல்லிச் சொல்லிச் சலித்த எச்சரிக்கை ஒன்று உண்டு. பிள்ளைகள் டெலிகிராமில் ஏபிகே கோப்பாக (ஸ்டோர் இல்லாமல் நேரடியாகப் போனில் ஏற்றும் செயலிக் கோப்பு) வாங்கி ஏற்றும் கேமோடு எந்த வயது எண்ணும் வராது. ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் எதையும் போனில் ஏற்ற விடாதீர்கள்.

ஓசூர்: பப்ஜியை வன்முறைக்காகத்தானே அரசு தடை செய்தது? அப்படியானால் கெட்டதுதானே?

2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடுத்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனர் தகவல்களும். வன்முறை பற்றி அதில் பேச்சில்லை. 2021இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்து, 2022இல் மறுபடி தடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. 18 வயதுக்குக் கீழ் என்றால் நாளுக்கு 3 மணி நேரம் என்று அதில் கட்டுப்பாடு உண்டு. அப்பாவின் நம்பரில் கணக்குத் திறந்தால் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்யாது. அப்பாவின் நம்பரைக் கொடுத்தது யார் என்று வீட்டில் கேளுங்கள்.

பர்கூர்: ப்ரீ ஃபயர் ஆடினால் பையன் கொலைகாரன் ஆவானா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஊத்தங்கரை, பதினொன்றாம் வகுப்பு மாணவன்: அண்ணா, எனக்கு 16. ஜிடிஏ 5 ஆடுகிறேன். கதை அருமையாக இருக்கிறது. 18+ என்பதற்காக விடணுமா?

விடு தம்பி. அதில் ஒருவனைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் கட்டம் ஒன்று வரும், ஆடுகிறவன் கையாலேயே அதைச் செய்ய வேண்டும். என் வேலையில் நிறைய ரத்தம் பார்த்தவன் நான், அந்தக் கட்டம் எனக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடத்தில் அந்தக் கேம் எங்கேயும் ஓடிவிடாது. வீட்டுக்குத் தெரிந்து ஆடுகிறாயா, தெரியாமலா என்று நீ எழுதவில்லை. தெரியாமல் என்றால் இன்றைக்கே சொல்லிவிடு.

பென்னாகரம் பக்கம், கூத்துக்காரர் குடும்பம்: எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கிறது. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான், பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள்தான். அதற்கு யாரும் வயது போடவில்லையே? நாங்கள் கெட்டா போனோம்?

நல்ல கேள்வி. இதற்குள் குழுவில் பெரிய சண்டையே நடந்துவிட்டது. அரூர் ஆசிரியர் ஒருவர் "பாரதத்தையும் இந்தக் குப்பையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்" என்றார். காரிமங்கலத்துத் தம்பி ஒருவர் "எங்கள் கேமிலும் கதை உண்டு, தர்மம் உண்டு, ஆடாமலே குப்பை என்கிறீர்கள்" என்று பதிலுக்கு நின்றார்.

இதே வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் வந்தது. வன்முறைக் கேமை 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா 2005இல் சட்டம் போட்டது. 2011இல் நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அதைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா, பிள்ளைகளுக்குச் சொல்லும் கிரிம் கதைகளிலும், பள்ளியில் படிக்கும் ஹோமர் காவியத்திலும் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஒடிஸியஸ் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்துவது போன்ற காட்சிகளை. ஆகவே ஐயா, உங்கள் கேள்வியின் பக்கம் ஒரு உச்ச நீதிமன்றமே நின்றிருக்கிறது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி பிரையர், 13 வயதுப் பையனுக்கு நிர்வாணப் படம் உள்ள பத்திரிகையை விற்கத் தடை உண்டு, பெண்ணைக் கட்டிவைத்துக் கொல்லும் கேமை விற்கத் தடை இல்லையா என்று கேட்டார். அதையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

என் எண்ணம் இது. படுகளத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் பாட்டி இருக்கிறாள். ஏன் அடிக்கிறான், சபையில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். துரியோதனன் விழுந்தால் ஒப்பாரி வைக்கிறார்கள். செத்தவனுக்காக அழுவதையும் பிள்ளை பார்க்கிறது. போனில் அதே வயதுப் பிள்ளை போர்வைக்குள் தனியாக ஆடுகிறது, செத்தவன் அரை நிமிடத்தில் எழுந்து வருகிறான், காதில் முகம் தெரியாத ஒருவன் அசிங்கமாகத் திட்டுகிறான். என் பயம் அந்தத் தனிமையைப் பற்றியது.

அதே கூத்துக்காரர்: கூத்தில் பார்க்கத்தான் செய்கிறோம், கேமில் இவனே அல்லவா அடிக்கிறான்?

ஆமாம், கலிபோர்னியா அரசின் வழக்கறிஞர்கள் வைத்த வாதமும் அதுதான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நான் பாதி ஏற்கிறேன், மேலே ஊத்தங்கரைத் தம்பிக்கு 'விடு' என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். அரூர் ஆசிரியருக்கும் ஒன்று: ஐயா, ஒரு கேமைப் பேரனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள், பிறகு குப்பை என்றால் ஏற்றுக்கொள்கிறேன். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, ஒரு அம்மா: எல்லோரும் 'பெற்றோர் பொறுப்பு' என்கிறார்கள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் வந்துவிடும். பிள்ளை ஆயாவிடம். நான் எப்போது பக்கத்தில் உட்காருவது?

அக்கா, உங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பொறுப்பு என்று பேசுகிறவர்கள் கேள்வித்தாளில் பொய் எழுதும் நிறுவனத்தையும், வயது கேட்காமல் கேம் ஏற்றித் தரும் போன் கடைக்காரரையும், பத்து வயதுப் பிள்ளைகளிடம் பணம் வாங்கிப் போட்டி நடத்துகிறவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியது: உங்கள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் ஏற்றுங்கள். பிள்ளையின் போனில் எந்தச் செயலி ஏற வேண்டும் என்பதற்குக் கம்பெனியில் இருந்தபடியே அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம். ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று வைக்கலாம். ஏபிகே ஏற்றுவதையும் அதிலேயே தடுக்கலாம். லீவு நாளில் அரை மணி நேரம் அவன் ஆடும்போது பக்கத்தில் இருந்து, 'இவன் யார், ஏன் சுடுகிறாய்' என்று கேளுங்கள். திட்ட வேண்டாம், கேட்டால் போதும். அவனே சொல்லித் தீர்ப்பான்.

நல்லம்பள்ளி: பையன் சாப்பிடுவதில்லை, பள்ளிக்குப் போவதில்லை, போனை வாங்கினால் சுவரில் தலையை முட்டுகிறான்.

இது மருத்துவர் பார்க்க வேண்டியது. தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஷட் கிளினிக் நடக்கிறது. போனைப் பிடுங்கி அவன் எதிரில் உடைக்காதீர்கள்.

போச்சம்பள்ளி: கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்குகிறேன் என்று என் கணக்கில் பணம் எடுத்துவிட்டான்.

பிளே ஸ்டோர் வழியாகப் போனது என்றால் உடனே அதிலேயே திரும்பக் கேளுங்கள். வெளியில் யாரோ அனுப்பிய லிங்க்கில் போனது என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். யுபிஐ பின்னை மாற்றுங்கள்.

ராயக்கோட்டை: எந்தக் கேம் பாதுகாப்பானது? பட்டியல் கொடுங்கள்.

இன்றைக்கு இதே கேள்வி பலமுறை வந்துவிட்டது. பிள்ளையின் வயதை யாருமே எழுதவில்லை. வயது தெரியாமல் பட்டியல் கொடுக்க மாட்டேன். மைன்கிராஃப்டுக்குப் பெகி 7+ போட்டிருக்கிறது, ஆனால் அதிலும் ஆன்லைனில் முகம் தெரியாதவர்களோடு பேச முடியும். அந்தப் பேச்சில் என்ன வரும் என்று அந்த எண் சொல்லாது. பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குக் கீழே உள்ள எண்ணைத் தொட்டால், பயனர்கள் பேசிக்கொள்ளலாமா, உள்ளே பணம் கேட்குமா என்று தனியாக எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, வயதோடும் கேமின் பெயரோடும் மறுபடி கேளுங்கள்.